அப்லேஷனுக்குப் போகிறவர்களுக்கு: இதயத்துக்குள் ஆறும் புண்ணும் அதன் நாள் கணக்கும்

கதீட்டர் அப்லேஷன் என்பது மெல்லிய குழாயை (கதீட்டர்) தொடைச் சிரை வழியாக இதயத்துக்குள் செலுத்தி, துடிப்பைக் குலைக்கும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ அழிக்கும் சிகிச்சை. அது முடிந்து மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். வெளியே தெரிவது தொடை இடுக்கில் ஒரு பிளாஸ்திரி மட்டும்தான். பலரும் ஏமாந்துபோவது இதில்தான். நிஜமான புண் இதயத்தின் உள்சுவரில் இருக்கிறது. அது ஆறி, மின்சாரம் தாண்ட முடியாத கெட்டியான வடுவாக மாற ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை எத்தனை நாள் விழுங்குவது, எந்த வாரத்தில் வரும் காய்ச்சலுக்குப் பயப்படுவது, திரும்ப வரும் படபடப்பை எப்போது தோல்வி என்று சொல்வது, எல்லாம் அந்தப் புண்ணின் கணக்கில்தான் நடக்கின்றன. டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைப் பட்டியல் இருக்கும், இந்தக் கணக்கு பெரும்பாலும் இருக்காது.

கீழே உள்ளது அந்தக் கணக்கின்படி வரிசைப்படுத்திய வழிகாட்டி. மருந்தை நிறுத்துவதும் அளவை மாற்றுவதும் உங்கள் மருத்துவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். அவரிடம் எதை, எப்போது கேட்பது என்பதற்குத்தான் இது.

1. எந்த இடத்தில் சுடப்போகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"இதயத்தில் அப்லேஷன்" என்பது போதுமான பதில் அல்ல. இடம் மாறினால் அபாயம் மாறும், பிறகு விழுங்க வேண்டிய மாத்திரையும் மாறும்.

திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் வேகத் துடிப்பு என்றால், பெரும்பாலும் வலது பக்கத்தில், ஏவி கணுவுக்கு (மேலறையின் மின்கட்டளையைக் கீழறைக்குக் கடத்தும் முடிச்சு) ஒட்டினாற்போல ஓடும் மெதுவான பாதையைச் சுடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஒரே தடவையில் சரியாகிவிடும். இங்கே பயம் ஒன்றே ஒன்று. பக்கத்திலேயே இருக்கும் ஏவி கணுவும் சேர்ந்து வெந்துபோனால் மேலறையின் கட்டளை கீழறைக்கு இறங்காது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இது நடக்கிறது. ஆனாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

வலது மேலறையில் மின்சாரம் வட்டமடித்து வேகமாகத் துடிக்கவைக்கும் ஃப்ளட்டர் என்றால் மூவிதழ் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவில் உள்ள குறுகிய பட்டையில் ஒரு கோடு போடுவார்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடத்தும் கூடுதல் இழை பிறவியிலேயே இருப்பவர்களுக்கு அந்த இழை வால்வு வளையத்தைத் தாண்டும் புள்ளியைத் தேடிச் சுடுவார்கள். மேலறை ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்றால் இடது மேலறை. நுரையீரல் சிரைகள் நான்கும் வந்து சேரும் வாய்களைச் சுற்றி வேலி போடுவதுபோல் வட்டமாகச் சுடுகிறார்கள். கீழறையில் பழைய மாரடைப்பு வடுவைச் சுற்றி ஓடும் வேகத் துடிப்புக்குச் செய்வது எல்லாவற்றிலும் நீளமானது, கடினமானது.

இடது மேலறை என்றால் மூன்று விஷயங்கள் கூடுதலாகச் சேரும். மேலறைகளுக்கு நடுவில் உள்ள சுவரை ஊசியால் துளைத்துப் போக வேண்டும், ரத்த உறைவு மூளைக்குப் போகும் வாய்ப்பு உண்டு, இடது மேலறையின் பின்சுவருக்கு ஒட்டியபடி உணவுக்குழாய் ஓடுகிறது. இந்தக் கட்டுரையின் எட்டாம் பகுதி அந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றியதுதான்.

2. எந்த முறை என்று கேளுங்கள்: சூடு, குளிர், மின்துடிப்பு

மூன்றும் தசையைக் கொல்கின்றன. கொல்லும் விதம் வேறு என்பதால் பின்விளைவும் வேறு.

சூடு என்பது ரேடியோ அலைவரிசை மின்சாரம். நொடிக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் முறை திசை மாறும் மின்சாரம் கதீட்டரின் நுனியிலிருந்து உடம்பு வழியாக, முதுகிலோ தொடையிலோ ஒட்டியிருக்கும் பெரிய பட்டைக்குப் போகும். இவ்வளவு வேகமாகத் திசை மாறுவதால் தசையை அது துடிக்கவைக்காது, சூடாக்க மட்டுமே செய்யும். நேரடியாகச் சூடாவது நுனியை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும். அதற்கு அப்பால் சூடு மெல்லப் பரவிப் போக வேண்டும். அதனால்தான் ஒரே புள்ளியில் முப்பது, அறுபது நொடிகள் அசையாமல் நிற்கிறார்கள். 50 வாட் அல்லது அதற்கு மேல் கொடுத்துச் சில நொடிகளிலேயே முடிக்கும் வழியும் உண்டு. அதில் புண் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் விழும்.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய எண் 50 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டிய தசை செத்துவிடும், மீளாது. 45க்கும் 50க்கும் நடுவில் சிக்கிய தசை மயங்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தைக் கடத்தாது, செத்ததுபோலவே இருக்கும். சில நிமிடங்களிலோ சில நாட்களிலோ விழித்துக்கொள்ளும். செத்த தசைக்கும் மயங்கிய தசைக்கும் உள்ள இந்த வித்தியாசம் புரிந்தால் அப்லேஷன் ஏன் சிலருக்குத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதும் புரிந்துவிடும். மேசையில் படுத்திருக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சிரமம்.

மறுபக்கம் 100 டிகிரி. அங்கே தசைக்குள் இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, "டப்" என்று வெடிக்கும். அறையில் இருப்பவர்களுக்குச் சில நேரம் சத்தமே கேட்கும். சுவர் மெல்லியதாக இருந்தால் ஓட்டை விழுந்து, இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் ரத்தம் கசியும். மேலறைச் சுவர் பல இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இதைத் தவிர்க்கத்தான் நுனியிலுள்ள நுண்துளைகள் வழியாக உப்புநீரைப் பீய்ச்சி மேற்பரப்பைக் குளிர வைக்கிறார்கள். அப்போது மிக அதிகமான சூடு மேற்பரப்பில் இருக்காது, அதற்குச் சற்று உள்ளே இருக்கும். ஆகவே கதீட்டர் காட்டும் வெப்பநிலையை நம்பி மட்டும் ஓட்ட முடியாது. எத்தனை கிராம் அழுத்தம் என்று பார்ப்பார்கள், பெரும்பாலும் பத்திலிருந்து இருபது கிராம். மின்தடை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். பத்து ஓம் போலச் சீராக இறங்கினால் தசை வெந்திருக்கிறது. சட்டென்று சரிந்தால் வெடிக்கப் போகிறது. திடீரென்று ஏறினால் நுனியில் கரி பிடித்துவிட்டது.

பீய்ச்சும் அந்த உப்புநீர் எங்கும் போய்விடாது, உங்கள் ரத்தத்தில்தான் சேரும். நீண்ட அப்லேஷனில் ஒரு லிட்டருக்கு மேல் போவது சகஜம். இதய பலவீனம் உள்ளவர்கள் இதை மறக்கக் கூடாது.

குளிர் முறையில் ஒரு பலூனைச் சிரையின் வாயில் வைத்து அடைத்து, உள்ளே நைட்ரஸ் ஆக்சைடை விரியவிட்டு உறைய வைப்பார்கள். ஒரு தடவைக்கு மூன்று, நான்கு நிமிடம். செல்களுக்கு உள்ளும் புறமும் பனித்துகள்கள் உருவாகும், கரையும்போது செல் சவ்வுகள் கிழியும். உறையும்போது செய்யும் சேதத்தைவிடக் கரையும்போது செய்யும் சேதம் பெரிது. தசையின் நார்க்கட்டு குலையாமல் இருப்பதால் ஓரம் சுத்தமான புண் விழும், உறைவு ஒட்டுவதும் குறைவு. இதில் வரும் சிக்கல் வலது உதரவிதான நரம்பு. வலது மேல் நுரையீரல் சிரைக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் அது சேர்ந்து உறையலாம். பலூன் உறையும் நேரம் முழுக்க அந்த நரம்பைத் தூண்டி, வயிற்றில் கை வைத்து உதரவிதானம் துள்ளுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். துள்ளல் தளர்ந்த நொடியே நிறுத்திவிடுவார்கள்.

மின்துடிப்பு முறை மூன்றில் புதியது. ஆயிரம் வோல்ட்டுக்கு மேலான மின்னழுத்தத்தை மைக்ரோ நொடிகளுக்கு மட்டும் கொடுத்தால் செல் சவ்வில் நுண்துளைகள் விழுந்து செல் சாகும். சூடு மிகக் குறைவு. மற்ற திசுக்களைவிட இதயத் தசை இதற்குச் சீக்கிரம் சாகும் என்பதால் உணவுக்குழாய்க்கும் நரம்புக்கும் வரும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. ஆபத்தே இல்லாதது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிவப்பணுக்களும் இதில் உடையும். மின்துடிப்புகளின் எண்ணிக்கை கூடினால் சிறுநீர் சிவந்து போகும், சிறுநீரகம் அடிவாங்கும். இதயத் தமனிக்குப் பக்கத்தில் கொடுத்தால் தமனி சுருங்கிப் பிடித்துக்கொள்ளலாம். சூட்டைப் போலவே இதிலும் மயங்கிய தசை உண்டு. அதுவும் முதல் மின்துடிப்பிலேயே தசையில் மின்சாரம் நின்றுபோவதால், வேலை முடிந்துவிட்டது போல் தோன்றும்.

எந்த முறை சிறந்தது என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, உங்கள் மருத்துவர் எந்த முறையை வாரா வாரம் செய்கிறார் என்று கேட்பது பயன் தரும்.

3. காகிதங்களைச் சேருங்கள்

எல்லாவற்றிலும் விலைமதிப்பானது படபடப்பு வந்த நேரத்தில் எடுத்த பன்னிரண்டு லீட் ஈசிஜி. எங்கே கோளாறு என்று அந்த ஒரு தாள் சொல்லும். அவசரப் பிரிவில் எடுத்த ஈசிஜியை அவர்கள் கோப்பில் விட்டுவிட்டு வருவதுதான் பலரும் செய்யும் தவறு. கேட்டு நகல் வாங்குங்கள். வெப்பத்தாளில் அச்சான ஈசிஜி சில மாதங்களில் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். மருந்து கொடுத்து வேகத் துடிப்பை நிறுத்தியிருந்தால், துடிப்பு நிற்கும் இடம் பதிவான துண்டுத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

இவை தவிர கோப்பில் இருக்க வேண்டியவை:

- எக்கோ அறிக்கை, ஹோல்டர் பதிவு (உடம்பில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பதியும் ஈசிஜி). கைக்கடிகாரத்தில் பதிந்த ஈசிஜியும் உதவும், பிடிஎஃப் ஆக எடுத்துக்கொள்ளுங்கள்.
- ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, கிரியேட்டினின், பொட்டாசியம், தைராய்டு. தைராய்டு மிகையாகச் சுரந்தால் மேலறைத் துடிப்பு அதனாலேயே குலையலாம். அதைச் சரிசெய்யாமல் அப்லேஷனுக்குப் போவதில் அர்த்தமில்லை.
- நீங்கள் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம். சித்த மருந்து, மூலிகைப் பொடி, வலி மாத்திரை எதையும் விடாதீர்கள்.
- பேஸ்மேக்கர் அல்லது ஐசிடி (ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் நிறுத்த உடம்பில் பதிக்கும் கருவி) இருந்தால் அதன் அட்டை. அப்லேஷனுக்கு முன்பும் பின்பும் கருவியைச் சோதித்து, அமைப்பை மாற்றித் திருப்பி வைக்க ஆள் வேண்டும்.
- ஒவ்வாமைப் பட்டியல். சி.டி.க்குப் போடும் சாய மருந்துக்கு முன்பு தடிப்பு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.
- முன்பே அப்லேஷன் நடந்திருந்தால் அதன் செயல்முறை அறிக்கை. டிஸ்சார்ஜ் தாள் வேறு, செயல்முறை அறிக்கை வேறு.

4. செலவைக் கேட்கும் முறை

செலவில் பெரிய பங்கு மருத்துவரின் கட்டணம் அல்ல, ஒரு தடவை மட்டுமே பயன்படும் கதீட்டர்கள்தான். "பேக்கேஜ் எவ்வளவு" என்று கேட்டால் வரும் எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட முடியாது. இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: முப்பரிமாண வரைபடக் கருவியும் அதற்கான ஒட்டுப் பட்டைகளும் சேர்ந்ததா? இதயத்துக்குள் இருந்து பார்க்கும் எக்கோ கதீட்டர் சேர்ந்ததா? நடுச்சுவரைத் துளைக்கும் ஊசியும் உறையும்? மயக்க மருந்து? முன்னதாக எடுக்கும் சி.டி., உணவுக்குழாய் வழி எக்கோ?

இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, மேசையில் படுத்த பிறகு திட்டம் மாறுவது. ஃப்ளட்டருக்குத் தொடங்கியது ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனாகவும் இருக்கலாம், அப்போது வேறு கதீட்டர் திறப்பார்கள். அப்படி நடந்தால் செலவு எவ்வளவு கூடும், காப்பீட்டு முன் அனுமதி அதற்கும் செல்லுமா என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் அதற்கான செலவு. ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனில் அது நடக்காத காரியம் அல்ல. முன் அனுமதியில் கோளாறின் பெயரும் செயல்முறையின் பெயரும் மருத்துவர் எழுதித் தந்ததுபோலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். "வேகத் துடிப்பு" என்று பொதுவாக எழுதி அனுப்பினால் திரும்பி வரும்.

5. மாத்திரைகள்: எதை நிறுத்துவது, எதைத் தொடவே கூடாது

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் அப்லேஷனுக்கு முன் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "ஆபரேஷன் என்றால் ரத்த மாத்திரையை நிறுத்த வேண்டும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லும் விதி இங்கே தலைகீழ். குறைந்தது மூன்று வாரம் விடாமல் விழுங்கியிருக்க வேண்டும். வார்ஃபரின் என்றால் அந்த வாரங்களில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு) 2க்கும் 3க்கும் நடுவில் நின்றிருக்க வேண்டும். நடுவில் இரண்டு வேளை மறந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்கள் உணவுக்குழாய் வழி எக்கோ எடுத்து, மேலறையின் காதுமடல் போன்ற பையில் உறைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். உறைவு இருந்தால் அன்று அப்லேஷன் கிடையாது. அது ஏமாற்றம்தான். பக்கவாதத்தைவிட மேல்.

துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளின் கதை வேறு. வேகத் துடிப்பை மேசையில் வரவழைத்துத்தான் சுட வேண்டும் என்றால், அந்த மாத்திரைகள் உடம்பை விட்டு நீங்கியிருக்க வேண்டும். சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை நாள் என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும். அமியோடரோன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடம்பிலேயே தங்கும். எந்தத் தேதியில் எதை நிறுத்துவது, நிறுத்திய நாட்களில் துடிப்பு வந்தால் என்ன செய்வது, இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றைச் சர்க்கரைக்கோ இதய பலவீனத்துக்கோ எடுப்பவர்கள் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டினி கிடக்கும்போது ரத்தத்தில் அமிலம் ஏறும் என்பதால் வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்துவார்கள். வாரம் ஒரு முறை போடும் எடைக்குறைப்பு ஊசியால் வயிறு காலியாவது தாமதப்படும். எட்டு மணி நேரம் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு இருக்கலாம் என்பதால் மயக்க மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

6. அன்று

எளிய வலது பக்க அப்லேஷனுக்கு ஒன்றிரண்டு மணி நேரம், ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்கு இரண்டிலிருந்து நான்கு, கீழறைக்கு அதற்கும் மேல். வெளியில் காத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். சுடும் நேரம் இதில் கொஞ்சம்தான். வரைபடம் எடுப்பதிலும் காத்திருப்பதிலும்தான் பொழுது போகும். காத்திருப்பு வீண் அல்ல. சுட்டு முடித்தபின் இருபது, முப்பது நிமிடம் விட்டு மறுபடி சோதிப்பார்கள், மருந்து கொடுத்துத் தூண்டியும் பார்ப்பார்கள். மயங்கிய தசை விழிக்கிறதா என்று பார்க்கும் நேரம் அது.

முழு மயக்கம் இல்லாவிட்டால் சுடும்போது நெஞ்சுக்குள் எரிச்சலோ, தோள்பட்டையில் வலியோ தெரியலாம். வாயால் சொல்லுங்கள், உடம்பை அசைக்காதீர்கள். வேலியில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் பார்க்கிறார்கள். நீங்கள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தால் கதீட்டர் அதைவிட அதிகம் நகர்ந்துவிடும்.

முடிந்ததும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் இருமல், தும்மல், சிறுநீர் அவசரம் எல்லாம் வரும். இருமல் வந்தால் பிளாஸ்திரியின் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து அழுத்திக்கொண்டு இருமுங்கள். தலையைத் தூக்கி எட்டிப் பார்க்காதீர்கள், தலையைத் தூக்கினாலே வயிறு இறுகித் தொடைச் சிரையில் அழுத்தம் ஏறும். பிளாஸ்திரிக்குக் கீழே சூடாக, ஈரமாக உணர்ந்தால் நர்ஸைக் கூப்பிட்ட பிறகு மற்றதைப் பாருங்கள்.

7. முதல் வாரம்: புண் பச்சையாக இருக்கும் நாட்கள்

சுட்ட இடத்தின் நடுவில் செத்த தசை, அதைச் சுற்றி ரத்தம் கசிந்த வளையம், அதற்கு வெளியே நீர் கோத்த வீக்கம். முதல் நாட்களில் இதயச் சுவரின் நிலை இதுதான். அதனால் பின்வருவனவற்றை எதிர்பார்க்கலாம்.

மூச்சை ஆழமாக இழுத்தால் நெஞ்சு குத்தும், நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் குறையும். இதயப் பையின் அழற்சி அது, சில நாட்களில் அடங்கும். ரத்தம் உறையாமை மாத்திரையோடு கடையில் வாங்கிய வலி மாத்திரையைச் சேர்த்து விழுங்காதீர்கள். எது சேரும் என்று கேட்டு வாங்குங்கள்.

இந்த நாட்களில் வேறொரு மருத்துவமனைக்குப் போய் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) சோதித்தால் அது ஏறித்தான் இருக்கும். இதயத் தசையை வேண்டுமென்றே கொன்றிருக்கிறார்களே. மாரடைப்பு என்று பெயர் சூட்டிவிடாமல் இருக்க, அப்லேஷன் நடந்த தேதியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வலி அழுத்துவதுபோல் இருந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், அதைத் தனியாகப் பார்க்கத்தான் வேண்டும்.

காலையில் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறி, படுத்தால் மூச்சு முட்டினால் அந்த உப்புநீர் இன்னும் வெளியேறவில்லை. மின்துடிப்பு முறை என்றால் முதல் நாள் சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். கருஞ்சிவப்பாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள், வீட்டுக்கு வந்து யோசிக்காதீர்கள்.

தொடையில் நீலம் பாரித்து முழங்கால் வரை இறங்கி மஞ்சளாவது சாதாரணம். கெட்டியாகிப் பெரிதாகும் கட்டி, துடிக்கும் கட்டி, சில்லிட்டுப்போன கால், இவை மூன்றும் உடனே காட்ட வேண்டியவை. ஒரு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், முக்கி மலம் கழிக்க வேண்டாம். மலச்சிக்கலுக்கு மருந்து தந்து அனுப்பாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

தலைசுற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு வாங்கினால் இதயப் பையில் ரத்தம் தேங்கியிருக்கலாம். பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும்போதே தெரிந்துவிடும், சிலருக்கு வீட்டுக்கு வந்தபின் நாட்கள் கழித்தும் வரும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பேச்சுக் குழறல், முகக் கோணல், கை தளர்ச்சிக்கும் அதேதான்.

8. இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: காய்ச்சலைக் காய்ச்சல் என்று விடாதீர்கள்

தொடைப் புண் ஆறிவிட்டது, வேலைக்குத் திரும்பியாயிற்று, அப்லேஷனே மறந்துபோயிற்று. இடது மேலறையில் அப்லேஷன் செய்தவர்களுக்கு மிகக் கொடிய சிக்கல் தலைகாட்டுவது இந்த நேரத்தில்தான். பின்சுவரில் கொடுத்த சூடு அதைத் தாண்டி உணவுக்குழாயை வேகவைத்திருந்தால், அங்கே ஒரு புண் விழுந்து, அது மெல்ல அரித்து, இரண்டு வாரம், மூன்று வாரம் கழித்து இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே வழி திறந்துகொள்ளும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வருவது. வந்து, கண்டுபிடிக்காமல் விட்டால் பிழைப்பது அரிது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள், சிலருக்கு இரண்டு மாதம் வரை ஆகும்.

அறிகுறிகள் ஏமாற்றும். குளிர் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு வலி, ரத்த வாந்தி, திடீர்ப் பக்கவாத அறிகுறி. எல்லாம் சேர்ந்து வர வேண்டியதில்லை, வெறும் காய்ச்சலாகவே தொடங்கலாம். தெருமுனை மருத்துவரிடம் போய் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் பார்ப்பதுதான் இங்கே உயிரை வாங்கும் தாமதம்.

இன்னொரு பெரிய பொறி: விழுங்க வலிக்கிறது என்றால் எந்த மருத்துவரும் எண்டோஸ்கோபிதான் முதலில் நினைப்பார். அதில் காற்றை ஊதி உணவுக்குழாயை விரிப்பார்கள். வழி திறந்திருந்தால் அந்தக் காற்று இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறிவிடும். எடுக்க வேண்டியது சாய மருந்து கொடுத்து எடுக்கும் நெஞ்சு சி.டி. அவசரத்தில் இதை விளக்க உங்களுக்குத் தெம்பு இருக்காது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பணப்பையில் வையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று கொடுங்கள்:

"இந்தத் தேதியில் எனக்கு இடது மேலறை அப்லேஷன் நடந்தது. காய்ச்சல், விழுங்கும் வலி, நெஞ்சு வலி, பக்கவாத அறிகுறி ஏதாவது இருந்தால் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்குமோ என்று பாருங்கள். எண்டோஸ்கோபியும் உணவுக்குழாய் வழி எக்கோவும் வேண்டாம். வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம். நெஞ்சு சி.டி. எடுத்து, அப்லேஷன் செய்த குழுவைக் கூப்பிடுங்கள்."

கீழே தேதியும், அந்தக் குழுவின் இருபத்து நான்கு மணி நேரத் தொலைபேசி எண்ணும். அந்த எண்ணை அப்போதே ஒரு தடவை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சில வாரங்களுக்குத் தருவது இந்த உணவுக்குழாய்ப் புண் ஆறத்தான். "எனக்கு அல்சர் இல்லையே" என்று நிறுத்திவிடாதீர்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, குமட்டினால் வயிற்றுக்குப் போகும் நரம்பில் சூடு பட்டிருக்கலாம். அது பெரும்பாலும் தானே தெளியும், ஆனாலும் தெரியப்படுத்துங்கள்.

9. படபடப்பு திரும்ப வந்தால்

ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷனுக்குச் செய்த பலருக்கு முதல் வாரங்களில் படபடப்பு எட்டிப்பார்க்கும். வீங்கி, அழன்று கிடக்கும் தசை தானாகவே தப்புத் துடிப்புகளைக் கிளப்பும். அழற்சி அடங்கினால் அதுவும் அடங்கிவிடலாம். அதனால் இந்தக் காலத்தில் வருவதைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்பெல்லாம் மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024இல் உலக அளவிலான மின்னியல் இதய மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. காரணம் புண்தான். எட்டு வாரத்துக்குள் வீக்கம் வடிந்து, செத்த தசை இருந்த இடத்தில் நார்த்திசு உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் வரும் துடிப்பை அழற்சியின் மேல் பழிபோட முடியாது. பெரும்பாலும் வேலியில் எங்கோ மயங்கிக் கிடந்த தசை விழித்துவிட்டது என்று அர்த்தம்.

படபடப்பு வந்தால் ஈசிஜி எடுங்கள், நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். நிற்காமல் ஓடினால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவார்கள், அது இந்தக் காலத்திலும் செய்யக்கூடியதே. துடிப்பு ஒழுங்காக இருந்தும் நாடி முன்பைவிட நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து கூடுதலாக ஓடினால் அது வேறு. நுரையீரல் சிரைகளைச் சுற்றிய கொழுப்பில் துடிப்பை மெதுவாக்கும் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அவையும் வெந்திருக்கின்றன, அவ்வளவே. மாதக்கணக்கில் இருந்து மெல்லக் குறையும்.

ஏவி கணுப் பக்கம் செய்தவர்களுக்கு ஒற்றை ஒற்றையாகத் துடிப்பு இடறி, "இப்போது தொடங்கப் போகிறது" என்ற உணர்வு வந்து, தொடங்காமலே போகும். அது பெரும்பாலும் ஒன்றும் இல்லை. நாடி மிகக் குறைந்து தலை கிறுகிறுத்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

10. ரத்தம் உறையாமை மாத்திரையை எப்போது விடுவது

சுட்ட இடத்தில் உள்தோல் உரிந்து சொரசொரப்பாகிவிடும். ரத்தத் தட்டணுக்கள் ஒட்ட அது போதும். அதோடு மேலறை சரியாகச் சுருங்கவும் சில வாரம் ஆகும். ஆகவே ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் அப்லேஷனுக்குப் பிறகு 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் குறைந்தது இரண்டு மாதம் என்கிறது, 2023 அமெரிக்க வழிகாட்டுதல் மூன்று மாதம் என்கிறது. துடிப்பு சீராக இருந்தாலும் அதுவரை ஒரு வேளையும் விடக் கூடாது. தீர்ந்துபோகும் தேதியைப் பார்த்து ஒரு வாரம் முன்பே வாங்கி வையுங்கள்.

அதற்குப் பிறகு தொடர்வதா விடுவதா என்பது அப்லேஷன் வென்றதா என்பதைப் பொறுத்ததல்ல. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய பலவீனம், முன்பு வந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். "அப்லேஷன் செய்தால் மாத்திரையே வேண்டாம்" என்று யாராவது சொல்லி அதற்காகவே போகிறீர்கள் என்றால், போகும்முன் இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

11. மூன்றாம் மாதமும் பிறகும்

மூன்றாம் மாதச் சந்திப்பில் ஈசிஜி போதாது, ஹோல்டரோ அதற்கும் நீண்ட பதிவோ கேளுங்கள். துடிப்பு குலைந்தும் நமக்குத் தெரியாமல் போகும் நேரங்கள் உண்டு.

வடு இறுகும்போது சுருங்கும். சிரையின் வாய்க்குள் சற்று ஆழமாகச் சுட்டிருந்தால் அந்தச் சுருக்கம் சிரையையே குறுக்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து இருமல், மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா என்று வரும். ஆஸ்துமா, நெஞ்சுச் சளி என்று மாதக்கணக்கில் மருந்து ஓடும். அப்லேஷன் நடந்ததைச் சொல்லி, நுரையீரல் சிரைகளைப் பார்க்கும் சி.டி. வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். குளிர் முறை செய்து, படியேறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் வலது உதரவிதானம் அசைகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நரம்பு பெரும்பாலானவர்களுக்கு மாதங்களில் மீண்டுவிடும்.

இரண்டாம் தடவை தேவைப்பட்டால் முதல் தடவையின் செயல்முறை அறிக்கை கையில் இருக்கட்டும். எந்தச் சிரைகள் அடைபட்டன, எங்கே கோடு போட்டார்கள், எத்தனை வாட், எந்தக் கதீட்டர் என்று அதில் இருக்கும். வரைபடக் கோப்பின் நகலும் கிடைத்தால் வாங்குங்கள். புதிய மருத்துவர் பழைய வேலி முழுவதையும் மறுபடி சுடாமல், மின்சாரம் எந்த இடைவெளி வழியாக நுழைகிறது என்று பார்த்து அங்கே மட்டும் சில புள்ளிகள் வைத்து முடிக்க முடியும். பின்சுவரில் சூடு படும் புள்ளிகளும் அந்த அளவுக்குக் குறையும்.